பூங்காவை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்றவர்

திவ்யா, குகன்,

உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருத்தி பூங்காவுக்குப் படம் வரைகிறாய், ஒருத்தன் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாய். ஆனால் இரண்டு பேருமே நான் இவ்வளவு காலம் நின்ற அதே மண்ணில்தான் வந்து நிற்கிறீர்கள். குகன், உன் பண்ணையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களுக்கும் உதவும்.

நான் பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்தில் பிழை இருந்தால் திவ்யா திருத்திக்கொள். இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். நேற்று சாப்பாட்டு மேசையில் அதற்கு இடமும் கிடைத்தது.

"ப்பா, அந்த யூனிவர்சிட்டில என் மாஸ்டர்ஸ் இடத்தை ஒரு வருஷம் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. நான் தள்ளிப் போடலாம்னு இருக்கேன். எங்க பார்க் இன்னும் ஹேண்ட்ஓவர் ஆகல லா. பாதியில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றாய் நீ, திவ்யா.

"ஏன், நீ போயிட்டா அங்க மரமெல்லாம் மூச்சு விட மறந்துடுமா?" என்றான் குகன்.

"நீ பேசாதடா. நீ மரத்தை லாரியில ஏத்தி விட்டதோட உன் வேலை முடிஞ்சுது. அது செத்தா என் தலைல விழும்."

"விழட்டும். தலைல மண்ணு விழுந்தாத்தான் ஏதாவது முளைக்கும்."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். "யோசிச்சு சொல்றேன்மா" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன். உண்மையில் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. நீ சொன்ன அதே வார்த்தையை வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். திவ்யா, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ தொடக்கப்பள்ளியில் படித்த சமயம், பள்ளி விடுமுறையில் உன்னை சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது உனக்கு மெல்லிய தாளும் கலர் பேனாவும் கொடுத்து, ஏரியை வரையச் சொல்லிக் கொடுத்தாரே, அந்த அக்காதான்.

அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. அவருக்கு இருபத்தைந்தோ இருபத்தாறோ. எங்கள் கம்பெனியில் லேண்ட்ஸ்கேப், அதாவது பூங்கா வடிவமைக்கும் படிப்பு, படித்துவிட்டு வந்த முதல் ஆள் அவர்தான். சிம்பாங் ரெங்கத்துக்காரர். அப்பா ஃபேக்டரி வேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால், காலையில் பூசைக்குப் போய்விட்டு அதே துணியோடு நேராக சைட்டுக்கு வருவார். காரில் ஒரு ஜோடி பூட்ஸ் எப்போதும் கிடக்கும். வயதில் சின்னவர் என்றாலும் எனக்கு பிளான் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதுவரை நான் அதிலுள்ள வட்டங்களை எண்ணி மரம் இறக்குகிறவன். எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு தாளைப் பார்த்தே சொல்லலாம் என்பது எனக்குத் தெரியாது.

கெலாங் பாத்தாவில் ஒரு புதுக் குடியிருப்புக்கு ஏரிக்கரைப் பூங்கா போட்டுக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் டீ குடிக்கும்போதுதான் தான் மேற்கொண்டு படிக்கப் போவதாகச் சொன்னார்.

"மாஸ்டர்ஸ் படிச்சா என்ன மிஸ், சம்பளம் ஏறுமா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கேள்வி அதுதான்.

"மாஸ்டர்ஸ்னா எல்லாம் ஒண்ணு இல்ல அங்கிள். ஒண்ணு ஸ்டூடியோ. பொழுதன்னிக்கும் வரையணும், கிழிக்கணும், மறுபடி வரையணும். வேலை பாத்துக்கிட்டே அதைப் படிக்க முடியாது. இன்னொண்ணு ஆராய்ச்சி. ஒரே விஷயத்தைத் தோண்டிக்கிட்டே போறது. அதை வேலையோட சேர்த்து செய்யலாம், ஆனா நமக்கு வழி காட்டற லெக்சரர் சரியா அமையணும். அப்புறம் வேற ஏதோ படிச்சிட்டு இந்தத் தொழிலுக்கு வரவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு. அது நீளம். எனக்கு அது வேணாம், நான் டிகிரியே இதுலதான்."

"அப்ப உங்களுக்கு எது?"

"ஸ்டூடியோ. அதுலயும் தண்ணி."

"தண்ணியா?"

"ஆமா. நாம என்ன செய்யறோம்? ஊரைக் கட்டறோம், மழை பெஞ்சா தண்ணிய காங்கிரீட் கால்வாயில விட்டு கடலுக்கு விரட்டிடறோம். அதை விரட்டாம நிக்க வெச்சு, மரத்துக்குக் குடுத்து, கடலோரச் சதுப்புல நிக்கற பாக்காவ் காட்டுக்குக் குடுத்து மெதுவா அனுப்பற மாதிரி ஒரு ஊரை வரைய முடியும். ஆஸ்திரேலியாவுல ஒரு இடத்துல சொல்லித் தராங்க. அங்க ஒரு டீச்சர் இருக்காங்க அங்கிள். அவங்ககிட்ட படிக்கணும். இடமும் கிடைச்சிருச்சு."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் பேசி முடித்தபோது டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. தொடவே இல்லை. மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் இழுத்து இழுத்து ஆறும் கடலுமாக வரைந்து வைத்திருந்தார். கடைக்காரர் துணியோடு வந்து துடைக்கப் போனார். "சபார் லா அண்ணே, பொறுங்க, இன்னும் கடலுக்குப் போய்ச் சேரல," என்று சொல்லிச் சிரித்தார் மிஸ்.

அவருக்குப் போக வேண்டிய மாதம் தெரிந்திருந்தது. அதற்குள் பூங்கா முடிந்துவிடும் என்பது எங்கள் எல்லோருடைய கணக்கு.

பூங்காவுக்கு முக்கியமே ஏரியைச் சுற்றி நட்ட தூங்குமூஞ்சி மரங்கள்தான். எங்கோ சாலை அகலப்படுத்தும்போது வேரோடு எடுத்த பெரிய மரங்கள். லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்து நட்டோம். முதலில் நன்றாகத்தான் துளிர்த்தன. பிறகு மழை குறைந்த மாதங்கள் வந்தன, இலை மஞ்சளாக ஆரம்பித்தது. வெயில், தாகம் என்று நினைத்து லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற இன்னும் மஞ்சளானது. தாகத்தில் வாடும் இலையும் தண்ணீரில் மூழ்கி வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இது புதுப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: இலையைப் பார்த்து ஹோஸைத் தூக்காதீர்கள், முதலில் அடியில் தோண்டிப் பாருங்கள்.

அப்படி இருக்கும்போது திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வீடு விற்கும் கம்பெனியின் மேனேஜர் சைட்டுக்கு வந்தார். எங்கள் கம்பெனி முதலாளி, தவுக்கே, அவரும் வந்தார். மிஸ் இருந்தார், நான் அவர் பின்னால் நின்றேன். பேச்சு மலாயும் ஆங்கிலமுமாக நடந்தது. நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"விழா அன்னிக்கு மரம் பச்சையா இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம்," என்றார் மேனேஜர்.

"போலே, போலே, செஞ்சிடலாம்," என்றார் தவுக்கே. "நர்சரியில ரெடியா நிக்குது. பழசைத் தூக்கிட்டுப் புதுசு வெச்சுடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

மிஸ் குறுக்கே பேசினார். "வெக்கலாம் தவுக்கே. விழாவுக்குப் பச்சையா இருக்கும். அப்புறம் அதுவும் இதே மாதிரி சாகும். அங்கிள், இங்க தோண்டுங்க."

தோண்டினேன். கொஞ்சம் ஆழம் போனதும் கறுப்புத் தண்ணீர் ஊறி வந்தது. அழுகின முட்டை நாற்றம். மேனேஜர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது குழி இல்ல, தண்ணி தேங்கற பேசின்," என்றார் மிஸ். "களிமண்ணு. ஊத்தின தண்ணி எங்கயும் போகல. வேர் உள்ள ஊறிக் கிடக்கு. எல்லா மரத்தையும் தூக்கணும், அடியில வடிகால் போடணும், மேடு கட்டி உசரத்துல வெக்கணும். விழாவுக்கு இலை இருக்காது. மொட்டையாத்தான் நிக்கும். ஆனா நிக்கும்."

தவுக்கேவுக்கு முகம் சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்த வருடம் அவருக்கும் கை இறுக்கம். வாடிக்கையாளர் முன்னாலேயே உண்மையைப் போட்டு உடைத்ததில் வந்த கோபம்.

"உனக்கென்ன, நீ படிக்க ஓடிடுவே," என்றார். "மரத்தைத் தூக்கு, கால்வாய் தோண்டுன்னு இன்னிக்கு வாயால சொல்லிட்டு ப்ளேன்ல ஏறி உக்காந்துக்குவே. நாளைக்கு இந்த மரம் சாஞ்சா அடியில நிக்கறது யாரு? நான்தானே?"

மிஸ்ஸுக்கும் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"நான் போகல," என்றார். "இதெல்லாம் வேர் பிடிச்சு, பூங்காவை ஒப்படைச்சிட்டுப் போறேன். அது வரைக்கும் இருக்கேன். போதுமா?"

அதோடு சண்டை முடிந்துவிட்டது. தவுக்கே தலையைச் சொறிந்துகொண்டு "சரி, சரி, வேலையைப் பாருங்க" என்றார். மேனேஜரும் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கும்தான். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் "மிஸ் போகலையாம்" என்றேன். "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்றாள். அன்று அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஏதோ நழுவியது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதைப் பல வருடம் கழித்துத்தான் பிரித்துப் பார்த்தேன். அவர் அன்று ஒரே மூச்சில் இரண்டு முடிவு எடுத்தார். மண்ணைப் பற்றி உண்மையைச் சொன்னது ஒன்று. அது சரி. இன்றைக்கும் அதற்காக அவரைக் கும்பிடுவேன். தன் படிப்பைத் தூக்கி அந்த உண்மைக்கு ஈடாக வைத்தது இன்னொன்று. அதைக் கேட்டது யார்? தவுக்கே கோபத்தில் குத்தினார், அவ்வளவுதான். 'நான் போனாலும் மண்ணு களிமண்ணுதான், தவுக்கே' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நெருக்கடியில் நிற்கும்போது அப்படித் தோன்றாது. நாம் சொல்வதை நம்ப வேண்டுமென்றால் நாமும் எதையாவது இழந்து காட்டவேண்டும் போலத் தோன்றும். நல்ல பிள்ளைகளுக்குத்தான் அப்படித் தோன்றும், அதுதான் கஷ்டம்.

மரங்களைத் தூக்கினோம், வடிகால் போட்டோம், மேடு கட்டி நட்டோம். விழா மொட்டை மரங்களுக்கு நடுவில் நடந்தது. வந்தவர்கள் பந்தலையும் சாப்பாட்டையும்தான் பார்த்தார்கள், மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒப்படைப்பு அன்றைக்கே முடிந்துவிடுவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். புதுப்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நட்ட பிறகு ஒரு பராமரிப்புக் காலம் உண்டு. அது முடிந்து, எல்லா மரமும் உயிரோடு நின்றால்தான் பூங்காவை வாங்கிக்கொள்வார்கள். நடுவில் ஒரு மரம் செத்தால் புது மரம் வைக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் புது மரத்துக்குக் காலம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மிஸ் படித்த படிப்புக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் தன் பயணத்தை அந்தக் காலத்தோடு கட்டி வைத்தார். பல்கலைக்கழகம் ஒரு வருடம் இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. அந்த வருடம் முடியும்போது கரையின் கிழக்குப் பக்கத்தில் சில மரங்கள் பட்டுப்போயின. வேர் முன்னாலேயே அழுகியிருந்தவை. மாற்றினோம். "இது வேர் பிடிக்கட்டும் அங்கிள்" என்றார். அடுத்த முறை அவர் கேட்டபோது, இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தார், கிடைத்தது. அதற்குள் புயல் காற்றில் ஒன்று சாய்ந்தது. அடுத்த விண்ணப்பத்துக்குள் அவர் படிக்க நினைத்த டீச்சரே அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டார். "அவங்க இல்லாம அங்க போய் என்ன அங்கிள்" என்று ஒரு நாள் சொன்னார். பிளானை விரித்து வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார். நான் "அதுவும் சரிதான் மிஸ்" என்றேன்.

பூங்காவைக் கடைசியில் ஒப்படைத்தோம். மிஸ் அன்று எல்லோருக்கும் பிரியாணி தாப்பாவ் பொட்டலம் வாங்கி வந்தார். அதற்குள் அடுத்த சைட் ஆரம்பித்திருந்தது. அதிலும் மரங்கள் இருந்தன.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கேயே ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தார், வேலையோடு சேர்த்து. நல்ல வழிதான். என்னோடு வேலை செய்த இன்னொருவர் அதை அருமையாக முடித்திருக்கிறார். ஆனால் மிஸ்ஸுக்கு அமைந்த வழிகாட்டிக்குப் பழைய பங்களாக்களின் தோட்டங்கள்தான் உயிர். நல்ல மனுஷர், தண்ணீரில் அவருக்கு ஆர்வம் இல்லை. அவருக்காக மிஸ் ரோஜாப் பாத்திகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். "அங்கிள், என் ஆராய்ச்சியில இப்ப தண்ணி எங்க வருதுன்னா, பூவாளியிலதான்" என்று சிரித்தார். பாதியில் விட்டுவிட்டார். சேரும் முன்பு கல்லூரியின் பெயரைப் பார்த்தார், அங்கே யார் என்ன ஆராய்கிறார்கள் என்று பார்க்க நேரம் இல்லை. சைட்டிலிருந்து போனில் பேசியே எல்லாவற்றையும் முடித்தார்.

பிறகு கல்யாணம், குழந்தை. வீட்டுக்குப் பக்கத்து வேலை பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள், அவரோ சிங்கப்பூருக்குப் போனார். கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. லிஃப்ட், விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. நன்றாக இருக்கிறார். அவருக்காக யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. எனக்கு இருப்பது பரிதாபம் இல்லை, வேறு.

இதைச் சொல்லக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம், அவர் தங்கியதால் நமக்கு நல்லது நடந்ததுதான். அவர் இருந்த அந்த வருடங்களில்தான் நான் பிளான் படிக்க முழுசாகக் கற்றேன். அதனால்தான் சூப்பர்வைசர் ஆனேன். திவ்யா, நீ அந்த மெல்லிய தாளை வீட்டுச் சன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். 'நானும் மிஸ் மாதிரி வரைவேன்' என்றாய். அவர் சொன்ன மாதம் ப்ளேன் ஏறியிருந்தால் உனக்கு அந்தத் தாளைக் கொடுத்திருக்க மாட்டார். நீ இந்தப் படிப்பு பக்கம் வந்திருப்பாயா என்றே எனக்குத் தெரியாது. நம் வீட்டுக்குக் கிடைத்தது எல்லாம் அவர் போகாமல் இருந்ததில் கிடைத்தது. அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

போன மாதம் கூலாயில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். நீங்கள் இருவரும் வரவில்லை, அம்மா வேறு மேசையில் இருந்தாள். கூந்தலில் நரை. பார்த்ததும் "அலமாக், அங்கிள்! மீசைய எங்க?" என்று ஓடி வந்தார். உன்னைப் பற்றிக் கேட்டார். இடம் கிடைத்திருக்கிறது என்றேன். எங்கே, என்ன படிப்பு, ஸ்டூடியோவா, யார் சொல்லித் தருகிறார்கள் என்று மூச்சு விடாமல் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். அப்போது நீ ஒரு வருடம் தள்ளிப்போடும் பேச்சை எடுக்கவில்லை, பார்க் முடியட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"எப்ப கிளம்பறா?"

"அவ பார்க் வேலை ஒண்ணு முடியணும்னு சொல்லிக்கிட்டு இருக்கா மிஸ்."

அவர் கையில் இருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"முடியாது அங்கிள்," என்றார். "உங்களுக்குத் தெரியாதா? எப்ப பாத்தாலும் ஒண்ணு செத்துக்கிட்டுத்தான் இருக்கும். ஒவ்வொண்ணு சாகும்போதும் எனக்கும் சேர்த்து முதல்லேருந்து ஆரம்பிச்சுது. நான் தவுக்கேகிட்ட கோவத்துல சொன்ன வார்த்தை. அவரு மறுநாளே மறந்துட்டாரு. நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீங்க இல்லன்னா அந்தப் பூங்கா இல்ல மிஸ்."

"இருந்திருக்கும். வடிகால் எங்க போடணும்னு அன்னிக்கே வரைஞ்சு குடுத்துட்டேன்ல? நீங்க இருந்தீங்க, தோண்டத் தெரிஞ்சவங்க இருந்தாங்க. நான் நிக்கறதால வேர் சீக்கிரம் பிடிக்குமா என்ன?"

அதற்குள் அவருடைய மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். போகும்போது திரும்பி, "திவ்யாகிட்ட சொல்லுங்க அங்கிள், நான் பொறாமைப்படறேன்னு," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

திவ்யா, உன் கையில் இப்போது மூன்று வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கேயே வேலையோடு ஆராய்ச்சி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்ப் படிப்பது, இல்லையென்றால் அந்தத் தூரத்து ஸ்டூடியோ. எது நல்லது என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆராய்ச்சி என்றால் வழிகாட்டியிடம் போய் உட்கார்ந்து பேசு, அவர் எதைப் பற்றிப் பேசும்போது டீயை மறக்கிறார் என்று பார். பாலம் தாண்டுவது என்றால், விடியலில் எழுந்து வரிசையில் நின்ற பிறகு வரைவதற்குக் கையில் எவ்வளவு தெம்பு மிஞ்சும் என்று யோசி. ஸ்டூடியோ என்றால் வேலையை விடத்தான் வேண்டும். அதில் பாதி விடுவது என்று ஒன்று இல்லை. இதில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், இந்த வேலையே போதும் என்று நீ நினைத்தாலும் சம்மதம்தான். மிஸ்ஸைப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது, பூங்கா முடியட்டும் என்று மட்டும் சொல்லாதே என்பதுதான். அந்த வார்த்தைக்கு முடிவு கிடையாது.

உன் பார்க்கில் என்ன பிரச்சினை இருக்கிறது என்று எழுதி வை. எந்த மரம் எங்கே தண்ணீரில் நிற்கிறது, அடுத்து வருகிறவர் முதலில் எங்கே தோண்ட வேண்டும் என்று வரைந்து கொடு. உன் பாஸ் கோபப்படுவார். 'ஓடிடுவே' என்று சொன்னாலும் சொல்வார். அந்த நேரத்தில் பதில் சொல்லாதே. கார் வரை நடந்துவிட்டு வந்து சொல். மிஸ்ஸுக்கு அன்றைக்கு ஒரு கார் தூரம் கிடைத்திருந்தால் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

குகன், அக்காவைக் கேலி செய்தாய். ஆனால் நீ சொன்னதுதான் சரி. அதை அவளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள். முடிந்தால் அவளுடைய மரங்களை நீ போய்ப் பார்த்துவிட்டு வா.

இவ்வளவும் இன்று காலை எழுதி முடித்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள், அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலாங் பாத்தாவுக்குப் போனேன்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பூங்காப் பக்கம் போகவே இல்லை. மரங்கள் ஒன்றோடு ஒன்று கை கோத்து நிழல் போட்டிருந்தன. கீழே சீனப் பாட்டிமார் கை காலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு கட்டிய இடம் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது, புல் மூடிவிட்டது. கிழக்குக் கரைப் பக்கம் நடந்தேன். பின்னால் மாற்றி வைத்த மரங்களில் ஒன்றுக்கு, சாயாமல் இருக்க நட்ட இரும்புக் கம்பம் இன்னும் அப்படியே நின்றது. வேர் பிடித்ததும் எடுத்திருக்க வேண்டியது. ஒருவரும் எடுக்கவில்லை. கட்டிய கம்பி அடிமரத்துக்குள் இறங்கி, பட்டை அதன் மேல் உதடு மாதிரி வளர்ந்து மூடியிருந்தது.

மோட்டார் பெட்டியிலிருந்து குறடு எடுத்து வந்தேன். வெளியே தெரிந்த கம்பியை இரண்டு பக்கமும் வெட்டினேன். உள்ளே போனதை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அதை மரத்துக்கே விட்டுவிட்டேன். கம்பத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் சாய்த்து வைத்தேன். திரும்பி வந்து, அது நின்ற துளையில் காலால் மண்ணைத் தள்ளி மிதித்தேன்.